யாரும் பார்த்திராத முகம்

புணே பல்கலைக்கழக வளாகத்துக்குள் ‘ஐயூக்கா’ என்று வானியலாளர்கள் செல்லமாகச் சுருக்கிச் சொல்லும் ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. அதன் நடுமுற்றத்தில் நான்கு சிலைகள்: கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன், ஆரியபட்டர். முதல் இருவரையும் அவர்கள் காலத்து ஓவியர்கள் பார்த்து வரைந்திருக்கிறார்கள். ஐன்ஸ்டைனுக்குப் புகைப்படங்களே ஏராளம். ஆரியபட்டர் கதை வேறு. 476-ல் பிறந்தார், 499-ல் ‘ஆரியபட்டீயம்’ எழுதினார் என்று தெரியும். மூக்கு கூர்மையா சப்பையா, தாடி உண்டா என்று சொல்ல ஒரு வரிக் குறிப்பு கிடையாது. சிலைக்கு முகம் வேண்டுமே என்று சிற்பி ஒன்றைக் கொடுத்துவிட்டார். இன்று ஆரியபட்டர் படத்தைத் தேடினால் அடிக்கடி வந்து நிற்பது அந்தப் புணே முகம்தான்.

யாரும் பார்த்திராத ஒருவருக்கு முகம் செய்து கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இன்னொரு துறையிலும் இருக்கிறார்கள். அறிவியல் புனைவுப் படங்களின் ஒப்பனைக் கலைஞர்களைச் சொல்கிறேன்.

1967 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ஓர் அத்தியாயத்தில் கிளிங்கான் என்ற போர்க்குணம் கொண்ட வேற்றுக்கிரக இனம் முதன்முதலாக வந்தது. அந்த இனத்தின் தளபதியாக நடிக்க வந்தவர் ஜான் கோலிகோஸ். செங்கிஸ்கான் மாதிரி இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவரே ஒப்பனைக்காரர் ஃபிரெட் ஃபிலிப்ஸிடம் யோசனை சொன்னார். முகத்தில் கறுத்த பூச்சு, தொங்கு மீசை, வளைந்த புருவம். வேலை முடிந்தது. வாராவாரம் ஒளிபரப்பாகும் தொடரின் பட்ஜெட்டுக்கு வேற்றுக்கிரகம் அவ்வளவுதான் எட்டியது. (வேற்றுக்கிரகவாசி என்றதும் அமெரிக்கருக்கு ஆசியக் கண்டம் நினைவுக்கு வந்ததைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.)

நம் ஊரிலும் அதே கதைதான், நான்கு ஆண்டுகள் முன்னதாகவே. 1963-ல் வந்த எம்.ஜி.ஆர். படம் ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வருகிறார்கள். விஞ்ஞானத்தில் கரைகண்ட அவர்களுக்குச் சங்கீதம் மட்டும் வாய்க்கவில்லை. அதற்காகப் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வேற்றுக்கிரகத்தாராக வந்தவர் எம்.என்.நம்பியார். உடுப்பு மட்டும் வேறு. முகம் நம்பியாரின் சொந்த முகமே. அந்த முகத்துக்கு மேல் ஒப்பனை எதற்கு என்று விட்டிருப்பார்கள் போலும்.

1979 டிசம்பரில் ஸ்டார் டிரெக் திரைப்படமானது. கையில் பணம் வந்ததும் கிளிங்கானின் நெற்றியில் முதுகெலும்பு போல ஒரு மேடு முளைத்தது. 1987-ல் தொடங்கிய அடுத்த தொடரில் மைக்கேல் வெஸ்ட்மோர் அந்த மேட்டைச் செதுக்கி, ஆளுக்கொரு வடிவம் கொடுத்தார். தொன்மாக்களின் எலும்புகளைப் பார்த்து அவர் வடிவம் பிடித்தார் என்பார்கள். ரசிகர்கள் விடவில்லை. அன்றைக்கு வழவழ நெற்றி, இன்றைக்குக் கரடுமுரடு, நடுவில் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1996-ல் வந்த ஓர் அத்தியாயத்தில் கிளிங்கான் பாத்திரத்திடமே இதைக் கேட்கிறார்கள். வெளியாரிடம் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று முறைப்பாகச் சொல்லித் தப்பிக்கிறார் அவர். உண்மையான பதில் ‘அப்போது ரப்பர் வாங்கக் காசில்லை’ என்பது. கதைக்குள் அதைச் சொல்ல முடியாதல்லவா?

2005-ல் ஒருவழியாகக் கதைக்குள்ளேயே காரணம் கண்டுபிடித்தார்கள். மரபணு மாற்றிய மனிதர்களின் டி.என்.ஏ.வைக் கொண்டு கிளிங்கான்கள் சோதனை செய்ய, அது கொள்ளைநோயாகப் பரவி, உயிர் பிழைத்தவர்களுக்கு நெற்றி மேடு போய்விட்டதாம். ஸ்டார் டிரெக் உலகில் அந்த மரபணு மனிதர்களில் பெயர் பெற்றவன் கான் நூனியன் சிங். வட இந்தியாக்காரன், சீக்கியனாக இருக்கலாம் என்று 1967-லேயே வசனம் வந்துவிட்டது. ஆக அந்த நெற்றிகள் வழவழப்பானதில் கான் வகையறாவுக்குப் பங்குண்டு. 2017-ல் வந்த புதுத் தொடர் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு, மயிரே இல்லாத நீள்தலைக் கிளிங்கான்களைக் கொண்டுவந்தது. பார்வையாளர்கள் கொதித்தார்கள். 2019-ல் முடி திரும்பியது. பிறகு வந்த தொடரில் பழைய நெற்றியே திரும்பிவிட்டது.

ஒப்பனைக்காரரின் சங்கடம் இதுதான். முகம் நம்மைப் போலவே இருந்தால் வேற்றுக்கிரகவாசி என்று யாரும் நம்பமாட்டார்கள். நம்மைப் போலத் துளியும் இல்லாவிட்டால் அது கோபப்படுகிறதா, சிரிக்கிறதா, உயிரோடுதான் இருக்கிறதா என்றே தெரியாது. 2024-ல் வந்த ‘அயலான்’ படத்தின் வேற்றுக்கிரகவாசி கணினியில் பிறந்தவர். எத்தனை கை, எத்தனை கண் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். இரண்டு இரண்டுதான் வைத்தார்கள்.

வேற்றுலக உயிர் நம்மைப் போல இருக்குமா என்ற தகராறு உயிரியலாளர்களுக்குள்ளும் உண்டு. ஆக்டோபஸுக்கும் நமக்கும் பொது மூதாதை கண் என்று சொல்லத்தக்க கண் இல்லாத ஒரு புழு. இருந்தும் இரு வம்சங்களிலும் தனித்தனியே கேமரா போன்ற கண் உருவானது. சுறா மீன் வகை, டால்ஃபின் பாலூட்டி, அழிந்துபோன இக்தியோசார் ஊர்வன. மூன்றுக்கும் உடல்வாகு ஒன்றே, ஏனென்றால் தண்ணீரைக் கிழித்து வேகமாகப் போக நல்ல வடிவங்கள் சிலவே இருக்கின்றன. எங்கே உயிர் தோன்றினாலும் பழகிய வடிவங்களுக்கே வந்து சேரும் என்பார் சைமன் கான்வே மாரிஸ். பூமியின் பரிணாமத்தையே மறுபடி ஓட்டிவிட்டால்கூட மனிதன் வரமாட்டான் என்று 1989-ல் எழுதினார் ஸ்டீஃபன் ஜே கூல்ட். என் சாய்வு கூல்ட் பக்கம்.

ஸ்டார் டிரெக் இதற்கும் ஒரு விடை வைத்திருந்தது. எல்லாக் கிரகத்தாருக்கும் ஏன் இரண்டு கை, இரண்டு கால்? பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆதி இனம் பல கிரகங்களின் கடல்களில் தன் மரபணு வித்தைத் தூவிச் சென்றது என்று 1993 அத்தியாயம் ஒன்று சொன்னது. ஒப்பனைச் செலவைச் சமாளிக்கச் சொன்ன கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக், லெஸ்லி ஆர்கெலுடன் சேர்ந்து 1973-லேயே இதை ஒத்த கருத்தை ஆய்வுக் கட்டுரையாக எழுதியிருக்கிறார். யாரும் தூவாமலே, விண்வெளித் தூசியோடும் வால்மீன்களோடும் உயிர் வந்து விழுந்திருக்கலாம் என்றவர்கள் வானியலாளர் ஃபிரெட் ஹாயிலும் கொழும்பில் பிறந்த அவருடைய மாணவர் சந்திரா விக்கிரமசிங்கவும். ஹாயிலின் இன்னொரு மாணவரோடு நாம் மறுபடி புணேவுக்கு வந்துவிடலாம்.

ஜெயந்த் நார்லிகர். ஐயூக்காவை நிறுவியவர், 2025 மே 20 அன்று புணேயில் காலமானார். மராத்தி வாசகர்களுக்கு அவர் விஞ்ஞானி மட்டுமல்லர், அறிவியல் கதாசிரியர். 1974-ல் மராத்தி விஞ்ஞான பரிஷத்தின் கதைப் போட்டிக்குக் கருந்துளை பற்றி ஒரு கதை அனுப்பினார், நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற பெயரில். ஜெ.வி.நா. என்ற தம் முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டுச் செய்த முகமூடி அது. பரிசு கிடைத்தது. குருநாதரும் லேசுப்பட்டவரல்லர். ஹாயில் 1957-ல் எழுதிய ‘கருமேகம்’ நாவலில் வரும் வேற்றுலக உயிருக்கு முகமே கிடையாது. அது சூரியனை மறைக்கும் அளவுள்ள ஒரு மேகம். கிரகம் என்ற கல்லுருண்டையின் மேல் அறிவுள்ள உயிர் இருக்கக்கூடுமா என்று அந்த மேகம்தான் நம்மைப் பார்த்து வியக்கிறது. திரைக்கு வந்த எந்த ரப்பர் நெற்றியும் அதன் அருகில் நிற்காது.

கதை எழுதிய நார்லிகர் வானத்தில் நுண்ணுயிர்களைத் தேடவும் முனைந்தார். இஸ்ரோவின் ஆதரவுடன் 2001 ஜனவரியிலும் 2005 ஏப்ரலிலும் ஐதராபாத்திலிருந்து ராட்சத பலூன்கள் மேலே போயின. இரண்டாவது பலூனின் கொள்ளளவு 2 கோடியே 67 லட்சம் கன அடி. சுமந்த கருவிகளின் எடை 459 கிலோ. அதில் கிருமி நீக்கி, உள்ளே வெற்றிடமாக்கிய 16 எஃகுக் குழாய்கள். அவற்றைத் திரவ நியானில் ஊறப்போட்டிருந்தார்கள். திரவ நியானின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 246 டிகிரி. குழாயின் வாய் திறந்ததும் உள்ளே நுழையும் காற்று உறைந்து படிந்துவிடும். காலியான இடத்துக்கு மேலும் காற்று பாயும். 20 கிலோமீட்டரிலிருந்து 41 கிலோமீட்டர் வரை வெவ்வேறு உயரங்களில் காற்றைப் பிடித்து, பாராசூட்டில் இறக்கினார்கள். 41 கிலோமீட்டரில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முந்நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஓசோனின் பெரும்பகுதி கீழேயே நின்றுவிடுவதால் புற ஊதாக் கதிர் நேராகச் சுடும்.

குழாய்களை ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையமும் புணேயின் தேசிய செல் அறிவியல் மையமும் தனித்தனியே ஆராய்ந்தன. ஒருவர் கை பட்ட அழுக்கை வானத்து உயிர் என்று இன்னொருவர் நம்பிவிடக்கூடாது என்ற எச்சரிக்கை. கிடைத்தவை 12 பாக்டீரியா, 6 பூஞ்சைக் கூட்டங்கள். பாக்டீரியாக்களில் ஒன்பது, ஏற்கெனவே தெரிந்த பூமி இனங்களோடு 98 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போயின. மூன்று மட்டும் யாரும் அறியாத புது இனங்கள். புற ஊதாக் கதிரைத் தம் உறவினங்களைவிட நன்றாகத் தாங்கின. 2009-ல் பெயர் சூட்டினார்கள்: ஹாயில் நினைவாக ஜானிபாக்டர் ஹாய்லீ, இஸ்ரோவுக்காக பேசில்லஸ் இஸ்ரோனென்சிஸ், முகம் தெரியாத நம் பழைய ஆளுக்காக பேசில்லஸ் ஆரியபட்டாய்.

அப்படியானால் இவை வேற்றுலகத்தவையா? ஆய்வுக் குழு அப்படிச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வந்தவை என்று இது உறுதியாக நிறுவவில்லை, மேலே தேட ஊக்கம் தருகிறது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். ஏன் முடிவாகச் சொல்ல முடியவில்லை என்பதில்தான் ஒப்பனை அறைச் சங்கடம் மறுபடி தலைகாட்டுகிறது.

பாக்டீரியாவுக்கு முகம் கிடையாது. உருண்டை, குச்சி, சுருள் என்று சில வடிவங்கள். பார்த்து ஆளைச் சொல்ல முடியாது. அதனால் 16எஸ் என்ற ஒரு மரபணுவைப் படிக்கிறார்கள். புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஓர் உறுப்புக்கான செய்முறை அது. சுமார் 1,500 எழுத்துகள். எல்லாப் பாக்டீரியாவிலும் உண்டு. மிக மெதுவாகவே மாறும். 1977-ல் கார்ல் வோஸ் இதே ரைபோசோம் வழியில் போய், நுண்ணோக்கியில் பாக்டீரியாவைப் போலவே தெரிந்த சில உயிர்கள் முற்றிலும் வேறு பெரும்பிரிவு என்று காட்டினார். ஆர்க்கியா என்று இன்று அழைக்கிறோம். அதாவது 16எஸ் மரபணுதான் பாக்டீரியாவின் நெற்றி.

வானத்தில் பிடித்த உயிருக்கு அந்த நெற்றி இருந்தால் அது நம் சொந்தம் என்று ஆகிவிடுகிறது. புயலோ எரிமலையோ கீழேயிருந்து தூக்கிக்கொண்டு போனதாக இருக்கலாம் என்று சந்தேகிப்பவர் சொல்வார். இல்லை, நாம்தான் அங்கிருந்து வந்தோம், சொந்தம் இருக்கத்தானே செய்யும் என்று ஹாயில் கட்சி சொல்லும். ஒரே சாட்சி இரண்டு தரப்புக்கும் ஒத்தாசை செய்கிறது. சரி, நெற்றியே இல்லாத, டி.என்.ஏ.வே இல்லாத உயிர் ஒன்று அந்தக் குழாய்க்குள் வந்திருந்தால்? நம் பாக்டீரியாவுக்காகச் சமைத்த ஊட்டக் கரைசலில் அது வளர்ந்திருக்குமா என்பதே சந்தேகம். பூமியின் நுண்ணுயிர்களிலேயே பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளர மறுக்கின்றன. வளராததை யாரும் எண்ணமாட்டார்கள். ஹாயிலின் மேகம் குழாய்க்குள் நுழைந்திருந்தாலும் வெறும் காற்று என்றே கழுவி ஊற்றியிருப்போம்.

புணேயிலிருந்து வடக்கே 80 கிலோமீட்டர் தள்ளி, நாராயண்காவ் அருகே கோடாட் கிராமத்தில் முகம் பார்க்காமல் காது மட்டும் கொடுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. 45 மீட்டர் விட்டமுள்ள 30 ரேடியோ தட்டுகள். 2016 அக்டோபர் 19 அன்று அவை செவ்வாய்க் கிரகத்திலிருந்து மெல்லிய ரேடியோ சமிக்ஞை ஒன்றைப் பிடித்தன. அதுவும் நாமே இங்கிருந்து அனுப்பியதுதான்: செவ்வாயில் இறங்கிக்கொண்டிருந்த ஷியாபரெல்லி என்ற ஐரோப்பிய விண்கலத்தின் குரல் அது. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு நின்றுபோனது.

பலூன் பிடித்த மூன்று புது பாக்டீரியாக்களில் இரண்டுக்கு அப்புறம் பெயரே மாறிவிட்டது. வகைப்பாட்டாளர்களும் ஒருவகை ஒப்பனைக்காரர்கள்தான். 2020-ல் ஆரியபட்டாய் பேசில்லஸ் குடும்பப் பெயரை இழந்து பிரீஸ்டியா ஆனது. அதே இனத்தை பிரேசிலின் வறண்ட நிலத்தில் ஒரு கள்ளிச்செடியின் வேரடியில் கண்டெடுத்து, மக்காச்சோளம் வறட்சியைத் தாங்கும்படி பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். இஸ்ரோனென்சிஸை 2016-ல் சோலிபேசில்லஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பேரினத்துக்கு இன்னோர் உறுப்பினர் சேர்ந்தார். சர்வதேச விண்வெளி நிலையத்தின் காற்று வடிகட்டியில் சிக்கியிருந்த அதற்கு, நாசாவில் பணியாற்றிய கஸ்தூரி வெங்கடேஸ்வரன் குழுவினர் அப்துல் கலாம் நினைவாகச் சோலிபேசில்லஸ் கலாமீ என்று பெயர் வைத்தார்கள். சரக்குகளோடு பூமியிலிருந்து தொற்றிக்கொண்டு போயிருக்கும் என்பதே அவர்கள் கணிப்பு.

சோலிபேசில்லஸ் என்ற பெயரில் வரும் ‘சோலி’ இலத்தீன் சொல். மண் என்று பொருள்.