சிறு குளங்களில் மீன் வளர்ப்பும் இனவிருத்தியும்

மீன் வளர்க்க முற்படும் குடியானவர் பலர், ஒருமுறை குஞ்சுகளைக் குளத்தில் விட்டால் அவை தாமே பெருகி ஆண்டுதோறும் பலன் தரும் எனக் கருதுகின்றனர். இக்கருத்து சில மீன்களுக்கே பொருந்தும்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் குளத்தில் செழித்து வளரும்; அவற்றின் வயிற்றில் முட்டைகளும் உண்டாகும். ஆயினும் தேங்கிய நீரில் அவை முட்டையிடுவதில்லை. கங்கை போன்ற ஆறுகளுக்குரிய இம்மீன்கள், பருவமழையில் வெள்ளம் பெருகிக் கரையோரத் தாழ்நிலங்களில் பரவும்போதே முட்டையிடுகின்றன. வட அமெரிக்காவில் வாலாய் எனும் மீனும், ஓடும் ஆற்றின் கற்படுகையிலும் அலைமோதும் ஏரிக்கரையிலும் முட்டையிடுகின்றது. சிறு குளங்களில் அதன் இனவிருத்தி அரிது.

தெற்கு அந்தமானிலுள்ள புரோத்ராபூர் போன்ற ஊர்களில் இவ்வுண்மை தனி முக்கியத்துவம் பெறுகின்றது. இத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யினும் பேராறுகள் இல்லை. பெருங்கெண்டைகள் இங்குள்ள ஓடைகளுக்கு உரியவையும் அல்ல. ஆதலின் ஆற்றிலிருந்து குஞ்சு சேகரிக்க வழியில்லை. கடல் கடந்து குஞ்சு கொணர்வதிலோ செலவும் சேதமும் மிகுதி.

இக்குறையை நீக்கும் முறை 1957 ஜூலை 10 அன்று ஒரிசாவிலுள்ள அங்குலில் வெற்றி கண்டது. ஹீராலால் சௌதுரியும் கே. எச். அலிகுன்ஹியும் மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்தனர். அந்நாளே தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. இன்று செயற்கை ஹார்மோன்களும் பயன்படுகின்றன. முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிக்கின்றன. புரோத்ராபூரை அடுத்த காராச்சர்மாவில், 1978-ல் நிறுவப்பட்ட மத்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், இன்று மத்தியத் தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் எனும் பெயரில் மீன் வளர்ப்பு ஆராய்ச்சியும் நடத்தி வருகின்றது.

சாதாக் கெண்டையின் இயல்பு வேறு. அது குளத்திலேயே முட்டையிடும். முட்டைகள் வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளில் ஒட்டிக்கொள்ளும். அச்செடிகளை வேறு தொட்டிக்கு மாற்றினால், பெரிய மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடாமல் காக்கலாம்.

1952-ல் இந்தியாவிற்குக் கொணரப்பட்ட திலேப்பியாவோ அளவுகடந்து பெருகும் இயல்புடையது. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்துக் காப்பதால் அவை பெரிதும் பிழைக்கின்றன. விளைவாகக் குளத்தில் நெருக்கடி மிகுந்து, உணவு போதாமல் மீன்கள் சிறுத்துப் போகின்றன. ஓடைகளில் புகுந்தால் அங்குள்ள மீன்களுக்கும் போட்டியாகும்.

ஆதலின் குளம் வெட்டுமுன்னரே எந்த மீன், அதற்குக் குஞ்சு எங்கிருந்து என்னும் இரண்டையும் களப் பணியாளர் குடியானவருக்கு விளக்குதல் வேண்டும். பெருங்கெண்டை வளர்ப்போர் ஆண்டுதோறும் குஞ்சு வாங்கவேண்டும்; சாதாக் கெண்டை வளர்ப்போர் முட்டைகளைக் காக்கவேண்டும்; திலேப்பியாவைத் தம் விருப்பப்படி எவரும் குளத்தில் விடலாகாது. சாதாக் கெண்டையின் முட்டை ஒட்டிய பாசியை ஒரு கண்ணாடித் தொட்டியிலிட்டு, அவை பொரிப்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எளிதில் காட்டலாம்.