டீச்சராகப் போகும் பிள்ளைக்கு மூன்று வருடம் தோள் கொடுப்போம்



உயர்தரப் பரீட்சை முடிவு வந்தவுடன் டயகமப் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு எழும். "புள்ள டீச்சராகணுமாம். எங்க அனுப்புறது? எவ்வளவு செலவாகும்?" இதற்கு இம்முறை விளக்கம் தருகிறோம்.

முன்பு தோட்டப் பாடசாலை துரையின் பொறுப்பில் இருந்தது. பல இடங்களில் ஒரே அறை, ஒரே வாத்தியார்; ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி. 1977 முதல் அரசாங்கம் இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. வகுப்புகள் கூடின, படிப்பிக்க ஆள் போதவில்லை. அக்குறையைத் தீர்க்கவென்றே 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது.

பயிற்சி இல்லாமல் நேரே பாடசாலைக்குப் போனால் என்ன? 2015இல் மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்கள் சேர்க்கப்பட்டார்கள். தொடக்கத்தில் மாதம் 6,000 ரூபா, பின்னர் 10,000 ரூபா. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே அது போதாது. பயிற்சியை முடித்த பிறகே நிரந்தர ஆசிரியராகலாம் என்ற நிலை. ஆகவே, பிள்ளைக்கு வாய்ப்பிருந்தால் கல்லூரி வழியாகப் போவதே நல்லது.

மூன்று வருடம் எப்படிப் போகும்?

முதல் இரண்டு வருடமும் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். மூன்றாவது வருடம் ஒரு பாடசாலையில் வகுப்பெடுத்துப் பழக வேண்டும். இதற்குக் கட்டுறு பயில்வு என்று பெயர். முடிவில் கிடைப்பது தேசிய கற்பித்தல் டிப்ளோமா.

அரசாங்கம் மாதக் கொடுப்பனவு தருகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போய்விடும். டயகமவிலிருந்து அக்கரப்பத்தனை, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துத்தான் பத்தனைக்குப் போக வேண்டும். போக்குவரத்து, பெண் பிள்ளைகளுக்குச் சேலை, குளிருக்குக் கம்பளி, கற்பித்தல் சாதனம் செய்யத் தாளும் பசையும் பேனையும் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். பயில்வுப் பாடசாலை தூரமாக அமைந்தால் தங்குமிடமும் தேட வேண்டும். நகையை அடகு வைப்பதை விட, பிள்ளை உயர்தரம் எழுதும் வருடத்திலேயே ஒரு சீட்டுப் போட்டு வைப்பது புத்தி.

வேலைக்குத் தயாராவது என்றால்?

சான்றிதழ் மட்டும் போதாது. எங்கள் பக்கத்தில் சில பாடசாலைகளில் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பை ஒன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு பக்கம் கணக்குக் கொடுத்துவிட்டு மறுபக்கம் வாசிக்கப் பழக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் மட்டும் படித்துப் பழக முடியாது. பயில்வு வருடத்தில்தான் கை வரும். அந்த வருடத்தில் "வீட்டுல ஆளில்ல, வந்துட்டுப் போ" என்று அடிக்கடி கூப்பிட வேண்டாம். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் படிப்பிக்கக் கூடியவர்கள் மலையகத்தில் குறைவு. இப்பாடங்களில் கெட்டியான பிள்ளையை ஊக்கப்படுத்துங்கள். அலுவலக வேலைக்குச் சிங்களமும் தெரிந்திருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும் திகதியைப் பாடசாலை அதிபரிடம் கேட்டு வையுங்கள். உயர்தரப் பெறுபேறும் நேர்முகப் பரீட்சையும் பார்த்தே தெரிவு செய்கிறார்கள். பிறப்புச் சான்றிதழிலும் பாடசாலைப் பதிவிலும் பெயர் வேறுவேறாக இருந்தால் இப்போதே திருத்துங்கள். தோட்டத்துக் கடிதங்கள் ஆபீசில் தங்கிவிடுவதுண்டு. பிள்ளை கொழும்புக் கடையில் நிற்கையில் நேர்முகக் கடிதம் வந்து கிடந்தால் அந்த வருடமே வீண். வீட்டில் ஒருவர் வாரம் ஒருமுறை ஆபீசில் விசாரியுங்கள்.

"பொட்டப் புள்ள படிச்சு என்னத்துக்கு, கட்டிக் குடுத்துட்டா சரி" என்ற பேச்சு இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. லயத்துப் பிள்ளை ஏன் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வருகிறது, மழை நாளில் ஏன் வருவதில்லை என்பது லயத்தில் வளர்ந்த டீச்சருக்குச் சொல்லாமலே புரியும். அப்படிப்பட்ட டீச்சர்கள் எங்கள் பாடசாலைகளுக்கு வேண்டும்.

பணக் கஷ்டத்தால் பயிற்சியை இடையில் நிறுத்த நினைப்பவர்கள், நிறுத்துவதற்கு முன் கல்லூரி விரிவுரையாளரிடமும் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடமும் பேசுங்கள். இடம் போன பிறகு பேசிப் பயனில்லை.