வீட்டிலே பிறந்த சொல்

பிரெஞ்சுக் கதையொன்றை மொழிபெயர்க்க முயன்ற மாணவரொருவர், அதில் வரும் ‘தொமெஸ்தீக்’ என்னும் சொல்லுக்கு ஆங்கிலத்திற் பொருள் யாது என என்னை வினவினார். அகராதி பல பொருள் தருகின்றதே, எதனைக் கொள்வது என்பது அவர்தம் இடர்ப்பாடு.

இலத்தீன் மொழியில் ‘தோமுஸ்’ என்றால் வீடு. அதன் வழிவந்த இச்சொல், பிரெஞ்சு மொழியில் உரிச்சொல்லாய் நிற்குமிடத்து ‘வீட்டைச் சார்ந்த’ எனவும், பெயராய் நிற்குமிடத்து ‘வீட்டு வேலையாள்’ எனவும் பொருள்படும். ஆங்கிலத்தின் ‘டொமெஸ்டிக்’ இதன் உறவே. குடும்ப வாழ்வு, வளர்ப்பு விலங்கு, உள்நாட்டு வாணிகம் ஆகிய மூன்றிற்கும் அஃதொன்றே அடைமொழி. முற்காலத்தில் வேலையாளையும் அது குறித்தது.

நம் தமிழில் ‘இல்’ என்பதினின்று இல்லத்தலைவியாகிய ‘இல்லாள்’ பிறந்தாள். இலத்தீனிலோ, தலைவனைக் குறிக்கும் ‘தோமினுஸ்’ என்ற சொல்லும் ‘தோமுஸ்’ என்பதன் வழியே வந்தது. ஆண்டானும் ஏவலாளும் ஒரே வீட்டுச் சொல்லின் பிள்ளைகள். எனினும் இருவர்க்கும் ஒரே மதிப்புக் கிட்டவில்லை.

மனிதர் யாவரும் உரிமையிற் சமமாகவே பிறக்கின்றனர் என 1789 இல் முழங்கியது பிரான்சு. ஆயினும் 1791 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, கூலிக்கு வீட்டூழியஞ் செய்வோர்க்கு வாக்குரிமையை மறுத்தது. பிறர் சோற்றை உண்பவர்க்குத் தம் கருத்தென ஒன்றில்லை என்பதே அதன் உட்கிடை. ஆடவர் அனைவரும் வாக்குரிமை பெற்றது 1848 இலேயாம். பணிப்பெண்களோ, ஏனைய பெண்களைப் போலவே, 1944 வரை காத்திருந்தனர்.

சொல்லும் வசையாயிற்று. 1911 இல் பிரான்சைச் சுற்றி நடைபெற்ற துவிச்சக்கர வண்டிப் பந்தயத்தில், மொரிசு புரொக்கோ என்பார் மற்றொரு வீரருக்கு உதவ முன்வந்தார். பந்தயத்தை நடத்திய ஆன்றி தெகிறாஞ்சு அவரைத் ‘தொமெஸ்தீக்’ என இகழ்ந்தார். அடுத்த கட்டப் பந்தயத்தில் புரொக்கோவே முதலில் வந்தார். இன்று அச்சொல், பிரெஞ்சு வடிவம் மாறாமலே ஆங்கிலத்திற் புகுந்து, தன் அணித்தலைவனுக்காகக் காற்றை எதிர்த்தும் நீர் சுமந்தும் உழைக்கும் வீரனைக் குறிக்கின்றது. வசை, தொழிற்பெயராய் உயர்ந்துவிட்டது.

இல்லப் பணியாளருக்கோ அவ்வுயர்வு மெல்லவே வந்தது. இக்காலப் பிரெஞ்சு மக்கள் அவரைத் ‘தொமெஸ்தீக்’ எனச் சுட்டுவதைத் தவிர்த்து, ‘இல்ல ஊழியர்’ எனப் பொருள்படுந் தொடரால் வழங்குவர். சர்வதேசத் தொழில் அமைப்பு 2011 இல் நிறைவேற்றிய 189 ஆம் உடன்படிக்கையின் பிரெஞ்சுத் தலைப்பிலோ அப்பழஞ்சொல் உண்டு. ஆனால் ஆங்கே ‘தொழிலாளர்’ என்பதே பெயர்ச்சொல். ‘தொமெஸ்தீக்’ அதற்கு அடைமொழி மாத்திரமே. வீடு என்பது அவர் பணிபுரியும் இடம், அவர்தம் பெயரன்று.

மாணவருக்கு யான் கூறிய விடை இதுவே: கதை எக்காலத்ததோ, அக்காலத்துப் பொருளையே எழுதுக. அந்நாளில் அச்சொல் சுமந்த இழிவை மறைத்தல் மொழிபெயர்ப்பாகாது. ஆனால், நும் வீட்டிற் பணிபுரிவோரை அழைக்குமிடத்து அகராதியைத் தேடற்க; அவருக்கும் ஒரு பெயருண்டு, அதனைச் சொல்லி அழைமின்.