எரிந்த ‘கிளியோபாட்ரா’வும் தணிக்கையாளர் குறிப்பும்

1917 இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘கிளியோபாட்ரா’ என்ற மௌனப் படத்தை இன்று எவராலும் முழுமையாகப் பார்க்க முடியாது. பொக்ஸ் நிறுவனம் பெருஞ்செலவில் எடுத்த படம் அது. ஜே. கோர்டன் எட்வேர்ட்ஸ் இயக்க, அந்நாளில் பெரும் புகழுடன் இருந்த தீடா பாரா கிளியோபாட்ராவாக நடித்தார். நிழற்படங்கள் நிறைய இருக்கின்றன. அசையும் காட்சிகளாக எஞ்சியவை சின்னஞ்சிறு துணுக்குகள் மட்டுமே.

1937 ஜூலை 9 அதிகாலை, நியூ ஜேர்சியின் லிற்றில் ஃபெரியில் பொக்ஸ் நிறுவனத்தின் பழைய படங்கள் வைக்கப்பட்டிருந்த களஞ்சியம் தீப்பிடித்தது. அயலிலிருந்த சிறுவன் ஒருவன் இறந்தான். அக்காலப் படச்சுருள் நைத்திரேற்றால் ஆனது. நாட்பட அது சிதைந்து, எளிதில் தீப்பற்றும் வாயுக்களை வெளிவிடும். எரியும்போது தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே தருவதால், தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது. அன்று கடும் வெப்பம். களஞ்சியத்தில் போதிய காற்றோட்டமும் இருக்கவில்லை.

ஆனாலும் தீயை மட்டும் குற்றஞ்சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேசும் படம் வந்தபின் மௌனப் படங்களை வைத்து உழைக்க முடியவில்லை. சுருளிலிருந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே பல படங்கள் அழிக்கப்பட்டன. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான 10,919 மௌன முழுநீளப் படங்களில் 14 வீதமே மூல வடிவில் முழுமையாக உள்ளதாக 2013 இல் கொங்கிரஸ் நூலகம் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

இந்தப் படத்தின் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. சிக்காகோவின் தணிக்கைச் சபை இதில் பல காட்சிகளை வெட்டச் சொன்னது. பெரும்பாலும் தீடா பாராவின் உடையும் நெருக்கமான காட்சிகளும்தான் பிரச்சினை. வெட்ட வேண்டுமானால் எதை வெட்டுவது என்று எழுதத்தானே வேண்டும்? அப்படி எழுதிய குறிப்புகள் தப்பிவிட்டன. எவரும் பார்க்கக்கூடாது என்று அவர்கள் நினைத்த காட்சிகளைப் பற்றி இன்று தெரிய வருவது அவர்களுடைய எழுத்தால்தான்!

முழுப் பிரதி எங்காவது கிடைக்குமா? பொக்ஸ் நிறுவனத்துக்காக ஜோன் ஃபோர்ட் இயக்கிய ‘அப்ஸ்ட்ரீம்’ (1927) படமும் தொலைந்ததாகவே கருதப்பட்டது. 2010 இல் அதன் பிரதி நியூசிலாந்திலிருந்து வந்தது. படங்கள் கடைசியாகப் போய்ச் சேரும் தொலைதூர நாடுகளில் ஓடி முடிந்த பிரதிகளைத் திருப்பி அனுப்பும் செலவை நிறுவனங்கள் விரும்புவதில்லை. அதனால் சில அங்கேயே தங்கிவிட்டன.