கொடுக்கிறேனா, கொடுக்கிறோமா?

2020 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் டெட்ராய்ட் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த இளம் குரு ஒருவருக்குத் தன் திருமுழுக்கின் வீடியோ நினைவுக்கு வந்தது. 1990-இல் வீட்டார் எடுத்தது. குழந்தைக்குச் சடங்கை நடத்திய திருத்தொண்டர், ‘நான்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நாங்கள்’ என்று சொன்னது அதில் பதிவாகியிருந்தது.

அந்த ஒரு சொல்லால் எல்லாம் தலைகீழானது. 2017-இல் குருப்பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் திருப்பலி நிறைவேற்றியவர், திருமுழுக்கே பெறாதவர் என்றானது.

தமிழில் இந்த வேறுபாடு வினைமுற்றிலேயே தெரிந்துவிடும். தந்தை, மகன், தூய ஆவியார் பெயரைச் சொல்லி, “நான் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்” என்கிறார் குரு. ஞானஸ்நானம் என்று சொல்லிப் பழகிய சபைகளிலும் ‘கொடுக்கிறேன்’தான். இதைக் ‘கொடுக்கிறோம்’ என்று மாற்றினால் என்ன குறைந்துவிடும்? பெற்றோர், ஞானப்பெற்றோர், ஊர் மக்கள் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் நல்லெண்ணம்தானே?

அதே ஆகஸ்ட் 6 அன்று வத்திக்கான் இதற்குப் பதில் சொல்லியிருந்தது: அப்படிக் கொடுத்த திருமுழுக்கு செல்லாது. குரு சொல்லும் ‘நான்’ அவருடைய சொந்த ‘நான்’ அல்ல. அவர் வழியாகக் கிறிஸ்துவே திருமுழுக்குக் கொடுக்கிறார் என்பது அகுஸ்தீன் காலத்திலிருந்தே வரும் போதனை. ‘நாங்கள்’ என்றால் கொடுப்பவர் கூடியிருக்கும் கூட்டமாகிவிடுகிறது.

திருமுழுக்கு செல்லாதபோது அதன்மேல் நிற்கும் உறுதிப்பூசுதலும் குருப்பட்டமும் செல்லாது. குருப்பட்டம் இல்லையென்றால் அவர் நிறைவேற்றிய திருப்பலியும் கேட்ட பாவசங்கீர்த்தனமும் செல்லாது. ஆனால் அவர் கொடுத்த திருமுழுக்குகள் மட்டும் செல்லும்! அவசரத்தில் யார் வேண்டுமானாலும், திருமுழுக்குப் பெறாதவர்கூட, திருச்சபையின் நோக்கத்தோடு தண்ணீர் ஊற்றி முறையான வார்த்தைகளைச் சொன்னால் போதும் என்பது சட்டம். அந்த இளைஞர் புதிதாகத் திருமுழுக்கும் மற்ற அருட்சாதனங்களும் பெற்று, அதே மாதம் 17-ஆம் தேதி மீண்டும் குருவானார்.

அப்படியானால் இது எழுத்துப் பிசகினால் பலிக்காத மந்திரமா? அப்படியும் இல்லை. எட்டாம் நூற்றாண்டில், பவேரியாவில் லத்தீன் அறியாத குரு ஒருவர், தந்தைக்கும் மகனுக்கும் உரிய சொற்களைக் குழப்பி, ‘தாயகம், மகள்’ என்று பொருள்படும்படி உளறிவைத்தார். மறுபடி திருமுழுக்குக் கொடுக்க வேண்டும் என்றார் ஆயர் போனிஃபாஸ். வேண்டாம், அது மொழி தெரியாததால் வந்த பிழை, கொள்கைப் பிழை அல்ல என்று எழுதித் தடுத்தார் திருத்தந்தை சக்கரியா. ஆனால் தெரிந்தே ‘படைப்பவர், மீட்பவர், புனிதப்படுத்துபவர்’ என்று பெயர்களை மாற்றியதை 2008-இல் வத்திக்கான் ஏற்கவில்லை.

கீழைத் திருச்சபைகள் பலவற்றிலோ ‘நான்’ என்ற சொல்லே கிடையாது. கடவுளின் ஊழியர் இன்னார் திருமுழுக்குப் பெறுகிறார் என்பதே அங்கே வாசகம். அதைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. கொடுப்பவர் கூட்டம் என்ற பொருள் அதில் வருவதில்லை.

டெட்ராய்ட் சிக்கலோடு இது நிற்கவில்லை. அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் மறைமாவட்டத்தில், குரு ஒருவர் பல ஆண்டுகளாக ‘நாங்கள்’ என்றே சொல்லிவந்தது தெரியவந்தது. 2022 பிப்ரவரி 1 அன்று அவர் பங்குத்தந்தை பொறுப்பிலிருந்து விலகினார். பாதிக்கப்பட்டோர் ஆயிரக்கணக்கில் இருக்கலாம் என்றார்கள். 2021 ஜூன் 17 வரை அவரிடம் திருமுழுக்குப் பெற்றவர்களைத் தேடி மறுபடி தொட்டிக்கு அழைக்கும் வேலை மறைமாவட்டத்தின் தலையில் விழுந்தது.