தூக்குக் கயிறும் செங்கல்பட்டு ரயிலும்: தெரியுமா உங்களுக்கு?

பொத்தேரியில் மின்சார ரயில் ஏறினால் காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில், பரனூர் தாண்டி ஐந்தாவது ஸ்டேஷன் செங்கல்பட்டு. தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்குமேடை ஏறியவருக்குத் தண்டனை விதித்தது அந்த ஊர் கோர்ட்தான், தெரியுமா? ஆட்டோ சங்கர்! 1991 மே 31-ல் தீர்ப்பு. 1995 ஏப்ரல் 27-ல் சேலம் மத்தியச் சிறையில் தூக்கு. முப்பது வருஷம் ஓடிவிட்டது, அதற்குப் பிறகு நம் மாநிலத்தில் ஒரு தூக்குகூட இல்லை!

ஆனால் ஜனங்கள் பேச்சில் அந்தக் கயிறு ஓய்ந்ததே இல்லை. ஒரு குழந்தையைக் கொன்ற செய்தி வந்தால் போதும், மறுநாள் காலை ரயில் முழுக்க ஒரே குரல்: "நடுரோட்டுல வச்சுத் தூக்குல போடணும் சார்!"

அதே ஜனங்கள் 2011 ஆகஸ்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவருக்கும் செப்டம்பர் 9 என்று நாள் குறித்தாகிவிட்டது. தூக்கு வேண்டாம் என்று தமிழ்நாடே தெருவுக்கு வந்தது! ஆகஸ்ட் 28-ல் காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து உயிரை விட்டார். பொத்தேரியும் அன்று காஞ்சிபுரம் மாவட்டம்தான். அந்தச் சாவு எங்கள் வீட்டுச் சாவு போல இருந்தது. ஆகஸ்ட் 30, ஒரே நாள்: உயர் நீதிமன்றம் தடை விதித்தது, சட்டமன்றம் தண்டனையைக் குறைக்கச் சொல்லி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது!

இதைவிட மலைக்க வைப்பது அந்த வழக்கின் கணக்கு. 1998-ல் பூந்தமல்லி தடா கோர்ட் தூக்கு விதித்தது மொத்தம் 26 பேருக்கு. 1999-ல் உச்ச நீதிமன்றம் நால்வருக்குத்தான் அதை உறுதி செய்தது. 19 பேரை வெளியே விட்டது. அந்த நால்வரில் ஒருவரைக்கூடத் தூக்கிலிடவில்லை. நளினிக்கு 2000-லும் மற்ற மூவருக்கு 2014-லும் தண்டனை ஆயுளானது. பேரறிவாளனை 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது!

மறுபடி செங்கல்பட்டு. முகலிவாக்கம் சிறுமி கொலை வழக்கில் 2018 பிப்ரவரியில் மகளிர் கோர்ட் ஓர் இளைஞனுக்குத் தூக்கு விதித்தது. ஜூலையில் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. எங்கள் பெட்டியில் இன்னும் ஏன் தாமதம் என்று கேட்காதவர் இல்லை. நானும் கேட்டேன்.

2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விசாரணையும் முறையாக நடக்கவில்லை, விடுதலை! அப்படியானால் அந்தச் சிறுமியைக் கொன்றது யார்? இதை எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்பது?