செப்பேடும் இசைத்தட்டும்

காணிப்பாக்கத்தில் வரசித்தி விநாயகரை வணங்கிவிட்டுத் திருப்பதிக்குச் செல்வது யாத்திரிகர் பலருடைய வழக்கமாகும். சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். அங்கிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். உத்தியோகத்தின் பொருட்டு வெளிமாநிலங்களில் வாழும் நாம் அவ்வழியே ஆண்டுதோறும் சென்றுவர இயலுவதில்லை. ஆயினும், நம் இல்லத்து அலமாரியில் உள்ள பழைய இசைத்தட்டுகளை வரிசைப்படுத்தி வைத்தால், அதே யாத்திரையை ஒரு மாலைப்பொழுதில் செவிவழியே முடித்துவிடலாம். அவ்வாறு கேட்கையில், ஒரு தட்டு எதைக் காக்கிறது, எதைக் கைவிடுகிறது என்பதும் விளங்கும்.

முதலில் சித்தூர். அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு இசையுலகெங்கும் கொண்டு சென்றவர் 1898-இல் பிறந்த சுப்பிரமணிய பிள்ளை அவர்கள். 1954-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற அவர், ஆனந்தபைரவி இராகத்தில் பாடிய 'மதுரா நகரிலோ' என்னும் தெலுங்குப் பாடல் இசைத்தட்டின் வாயிலாகப் புகழ் பெற்றது. அக்காலத்துத் தட்டு அரக்குடன் கல்தூள் முதலியன சேர்த்துச் செய்யப்பட்டது. பத்து அங்குல அகலமுள்ள அத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட பாட்டே அடங்கும். அவருடைய குருவான காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையோ, பல தாளவாத்தியங்கள் சூழ விரிவாகக் கச்சேரி செய்தவர். நிரவலும் சுரமும் கணக்கும் மணிக்கணக்காகப் பெருகும் அத்தகைய சங்கீதம் மூன்று நிமிடத்தில் அடங்குமா? அடங்காது. ஆகவே பாடகர்கள் சாரத்தை மட்டும் பிழிந்து தந்தனர். விரிவு போயிற்று, குரல் நின்றது.

1948-இல் அமெரிக்காவில் வெளியான நீள்இசைத்தட்டு இக்குறையைப் பெரிதும் போக்கியது. வினைல் என்னும் செயற்கைப் பொருளால் ஆன அது நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் முறைக்குச் சற்றே மிகுதியாகச் சுழல்வதாலும், அதன் வரித்தடங்கள் மிக நுண்ணியவை ஆதலாலும், ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேலும் பாட்டைக் கொள்ளும். நம் நாட்டில் இவ்வசதியின் பயனை வீடுதோறும் உணர்த்தியது, 1963-இல் திருமதி எம். எஸ். சுப்புலட்சுமி பாடி வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதம். பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றிய அந்நூல் சுப்ரபாதம், தோத்திரம், பிரபத்தி, மங்களாசாசனம் என்னும் நான்கு பகுதிகளில் 70 சுலோகங்களைக் கொண்டது. மூன்று நிமிடத் தட்டுகளிலாயின் துண்டு துண்டாகியிருக்கும். அத்தட்டின் உரிமைத்தொகையைத் திருப்பதி தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்கு அவர் அளித்துவிட்டார்.

திருமலையில் வேறொரு வகைத் தட்டும் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளப்பாக்கம் அன்னமாசாரியரின் கீர்த்தனங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, கோயிலிலேயே நெடுங்காலம் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில் அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டபோது, சொற்கள் பழுதின்றிக் கிடைத்தன. இராகத்தின் பெயரும் கிடைத்தது. ஆனால் பாடிய மெட்டைக் காட்டும் சுரக்குறிப்பு பெரும்பாலும் இல்லை. ஆதலின் இராள்ளப்பள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி முதலியோர் புதிதாக இசையமைக்க வேண்டியதாயிற்று. 1980-ஐ ஒட்டித் தேவஸ்தானத்தின் முயற்சியால் ஐந்து நீள்இசைத்தட்டுகளாக வெளிவந்த 'பாலாஜி பஞ்சரத்தினமாலை'யில் அன்னமாசாரியரின் கீர்த்தனங்களைத் திருமதி சுப்புலட்சுமி பாடினார். செப்பேடு சொல்லைக் காத்தது, குரலைக் காக்கவில்லை. இசைத்தட்டோ குரலையே காக்கிறது. ஆனால் செம்பின் உறுதி அதற்கு இல்லை.

இதனாலேயே நம் கவலை. ஊர் மாற்றலாகி வீடு மாறும்போது, பாரம் என்று கருதி முதலில் கழிக்கப்படுபவை இத்தட்டுகளே. மறுபதிப்புக் காணாத தட்டு ஒன்று பழைய சாமான் கடைக்குப் போய்விட்டால், அதனோடு ஒரு குரலும் போய்விடக்கூடும். காப்பதோ எளிது. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், வெயிலும் வெப்பமும் அணுகாத இடத்தில் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். அரக்குத் தட்டைச் சாராயச் சத்துள்ள திரவத்தால் துடைத்தலாகாது. அரக்கு அதில் கரைந்துவிடும். பழைய எஃகு முள்ளை நீள்இசைத்தட்டில் வைத்தால் அது தடத்தை உழுதுவிடும். அரக்குத் தட்டுக்கு அகன்ற முள்ளும், நீள்இசைத்தட்டுக்கு நுண்ணிய முள்ளும் தனித்தனியே வேண்டும்.

சித்தூர் 1953-இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறினும், தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கும் அந்நாட்டின் இசை இரு மொழியாருக்கும் பொதுவாகவே நிற்கிறது. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அதனை எடுத்துரைப்பதைவிட, தட்டைச் சுழலவிட்டு உடனிருந்து கேட்பதே மேலானது. தட்டின் உறைக்குள் ஒரு தாளில், அதை யார், எந்த ஊரில், எந்த ஆண்டில் வாங்கினார் என்று எழுதி வைப்பதும் நன்று. அதனைச் சொல்லக்கூடிய பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.